மனைப்பிரிவு அனுமதியும் நில உபயோகமும்

(நகரமைப்பு அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திட்டமிடல் என்றவுடன் நம் நினைவிற்கு வருபவை ஐந்தாண்டுத் திட்டங்களே. 1951இல் தொடங்கிய அந்த வரிசை பன்னிரண்டாவது திட்டத்துடன் 2017இல் முடிவுற்றது. அதற்கு முன்னரே, 2015 ஜனவரி முதல் நாளன்று, திட்டக் குழுவின் இடத்தில் நிதி ஆயோக் அமைந்தது. இதனால் திட்டமிடும் பணியே நாட்டில் நின்றுவிட்டது என்று எண்ணுவோரும் உளர். ஆனால் ஒருநாளும் நில்லாத திட்டமிடல் ஒன்று ஊர்தோறும் நடந்துகொண்டிருக்கிறது. நகராட்சி அலுவலகத்திலோ, உள்ளூர்த் திட்டக் குழும அலுவலகத்திலோ, ஒரு மேசையின்மீது நான்கு ஏக்கர் புன்செய் நிலத்தை மனைகளாகப் பிரிக்க அனுமதி கோரும் மனு வந்து கிடக்கிறது. அந்தக் கோப்பில் எழுதப்படும் பத்து வரிகள், அவ்விடத்தில் வீதி எவ்வளவு அகலம் இருக்கும், மழைநீர் எப்பக்கம் வடியும், தீயணைப்பு வண்டி உள்ளே நுழையுமா, குழந்தைகள் விளையாட இடம் உண்டா என்பனவற்றையெல்லாம் முடிவு செய்கின்றன.

இம்முடிவின் தன்மை எத்தகையது என்பதை முதலில் நோக்குவோம். ஓர் ஆலை நட்டமடைந்தால் மூடிவிடலாம். ஒரு மானியம் பயன் தரவில்லையெனில் அடுத்த வரவு-செலவுத் திட்டத்தில் நிறுத்திவிடலாம். ஆனால் நூறு குடும்பங்களுக்கு நூறு பத்திரங்கள் எழுதிக் கொடுத்தபின், பதினைந்து அடி வீதியை முப்பது அடியாக்குவது ஏறத்தாழ இயலாத காரியம். வீதியின் எல்லை நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்து நிற்கும். திரும்பப் பெறவியலாத இத்தகைய முடிவு, நம் ஆட்சி அமைப்பில் மிகவும் குறைந்த கவனத்துடன் எடுக்கப்படும் முடிவுகளுள் ஒன்றாக இருப்பது விந்தையே.

இரண்டு வகை முடிவுகளைப் பற்றி இங்குப் பேசுகிறோம். ஒன்று, எந்த நிலம் எதற்கு என்று வகைப்படுத்துவது. முழுமைத் திட்ட வரைபடத்தில் குடியிருப்பு மஞ்சள், வணிகம் நீலம், தொழில் ஊதா, பொது நிறுவனங்கள் சிவப்பு, பூங்கா பச்சை என்று வண்ணம் தீட்டுகிறோம். மற்றொன்று, குடியிருப்பு என வகைப்படுத்திய நிலத்தை எவ்வாறு பிரிப்பது என்பது. முன்னது வண்ணம், பின்னது கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்ணம் தீட்டுபவர் தலைநகரில் இருக்கிறார். கோடு போடுபவர் உள்ளூரில் இருக்கிறார். வீட்டுமனை வாங்குகிற மனிதருக்கோ இருவரையும் தெரியாது. அவருக்குத் தெரிந்தவர் தரகர் ஒருவரே.

வண்ணம் மாறும்போது நிலத்தின் விலை மாறுகிறது. மண் மாறவில்லை; கிணற்று நீர் மாறவில்லை; உழவர் புதிதாக உழைக்கவுமில்லை. இருந்தும், வேளாண் நிலம் என்றிருந்த புல எண் குடியிருப்பு என்று மாறிய அன்றே அதன் மதிப்பு பன்மடங்காகிறது. நிலத்தின் வாரம் உழைப்பினால் உண்டாவதன்று, சூழ்நிலையினால் உண்டாவது என்று ரிக்கார்டோ இருநூறு ஆண்டுகளுக்கு முன் விளக்கினார். அவர் கண்டது மண்வளத்தின் வேறுபாட்டை. நாம் காண்பது அரசாணையின் வேறுபாட்டை. பொதுமக்களின் பெயரால் எடுக்கப்படும் ஒரு முடிவினால் விளையும் இம்மதிப்பு யாருக்குச் சேரவேண்டும்? நில உபயோக மாற்றம் பற்றிய வழக்குகள், வதந்திகள், கட்சிச் சண்டைகள் ஆகிய அனைத்தின் அடியிலும் இந்த ஒரே கேள்விதான் கிடக்கிறது. வகை மாறப்போவதை முன்கூட்டி அறிந்தவர் வாங்குகிறார், அறியாதவர் விற்கிறார். சாலை வருவதற்கு ஓராண்டிற்கு முன் நிலத்தை விற்றுவிட்ட உழவரை நீங்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் சந்திப்பீர்கள்.

இனிக் கோட்டின் கணக்கிற்கு வருவோம். கற்பனையான ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறேன். நான்கு ஏக்கர் என்பது 16,187 சதுர மீட்டர். விதிப்படி வீதிகளுக்குக் கால் பங்கு விடுவதாகக் கொண்டால் 12,140 சதுர மீட்டர் மிஞ்சும். அதில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவிற்கு ஒதுக்கினால் விற்பனைக்குக் கிடைப்பது 10,926 சதுர மீட்டர். அங்கீகாரமே வேண்டாம் என்று கருதுகிற ஒருவர் குறுகலான பாதைகளுக்காக 12 சதவிகிதம் மட்டும் விட்டு, பூங்காவை முற்றிலும் விட்டுவிட்டால் அவருக்கு 14,245 சதுர மீட்டர் கிடைக்கும். வேறுபாடு 3,319 சதுர மீட்டர். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனைகளாகக் கணக்கிட்டால் 29 மனைகள் கூடுதலாக விற்கலாம். இதனுடன், அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களின் வட்டியையும், வளர்ச்சிக் கட்டணத்தையும், சாலை போடும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தை மீறுவோருக்கு நாம் அளிக்கும் மறைமுக மானியம் இதுவே.

அந்த ஆதாயம் முழுவதும் மனை விற்பவரின் பையில் நிற்பதுமில்லை என்பதைப் பொருளாதார மாணவர்கள் கவனிக்கவேண்டும். ஒரு பகுதி, மலிவான விலையாக வாங்குபவருக்கும் சேர்கிறது. அங்கீகாரம் பெற்ற மனையை வாங்க இயலாத ஓட்டுநர், கொத்தனார், தையற்காரர், கடைநிலை ஊழியர் ஆகியோர் ஏமாந்துபோய் மட்டும் அங்கீகாரமற்ற மனைகளை வாங்குவதில்லை. பலர் தெரிந்தே வாங்குகிறார்கள். நகரம் அவர்களுக்கென்று வேறு இடம் வைக்கவில்லை. குறைந்தபட்ச மனை அளவு, குறைந்தபட்ச வீதி அகலம் என்று நாம் எழுதும் ஒவ்வொரு விதியும் ஒரு குறைந்தபட்ச விலையாகவும் அமைந்துவிடுகிறது. அந்த விலையைக் கொடுக்க இயலாதவர்களுக்கு விதி பாதுகாப்பன்று, கதவடைப்பு. இதை எடுத்துச் சொன்னால், தரத்தைத் தளர்த்தச் சொல்கிறேன் என்று நகரமைப்பு நண்பர்கள் சிலர் சினங்கொள்கிறார்கள். நான் சொல்வது அதுவன்று. தரத்திற்கு ஒரு விலை உண்டு. அதை யார் கொடுப்பது என்பதையும் சேர்த்தே விதி எழுதவேண்டும் என்பதே.

தில்லியின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன்தரும். அங்கு முயன்று பார்க்காத முறையே இல்லை எனலாம். பிரிவினைக்குப்பின் அகதிகள் பெருந்திரளாக வந்து குடியேறிய அந்நகரில், 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தில்லி வளர்ச்சி ஆணையம் நிறுவப்பட்டது. 1961இல் அரசு ஒரு துணிவான கொள்கையை வகுத்தது. நகர விரிவிற்கு வேண்டிய நிலம் முழுவதையும் அரசே கையகப்படுத்தி, மேம்படுத்தி, குத்தகை உரிமையில் வழங்கும். விலை உயர்வின் ஆதாயம் ஊக வணிகர்களுக்குச் செல்லாது பொதுமக்களுக்கே திரும்பும் என்பது கருத்து. 1962 செப்டம்பரில் முதல் முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை.

விளைந்தது வேறு. தனியார் மனைப்பிரிவுகளுக்கு இடம் மிகக் குறுகிற்று. அரசு மேம்படுத்தி வழங்கிய மனைகளோ, வந்துகொண்டிருந்த மக்கள்தொகைக்கு ஈடுகொடுக்கவில்லை. ஆகவே கையகப்படுத்தப்படாத வேளாண் நிலங்களிலும், சில இடங்களில் கையகப்படுத்த அறிவிக்கப்பட்ட நிலங்களிலுமே, காலனிகள் எழுந்தன. கிரயப் பத்திரம் பதிவு செய்ய வழியில்லாததால், பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு கட்டாகக் கொடுத்து மனைகள் கைமாறின. இவ்வாறு கைமாறுவதால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் லட்சக்கணக்கான குடும்பங்கள் அந்தக் காகிதக் கட்டை நம்பி வீடு கட்டி, பிள்ளைகளை வளர்த்து, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டன.

வரன்முறைப்படுத்தல் என்னும் சடங்கும் உடன் வளர்ந்தது. 1977ஆம் ஆண்டுக் கொள்கையின்படி 567 காலனிகள் வரன்முறைப்படுத்தப்பட்டன. இதுவே கடைசி என்று அன்றும் கருதப்பட்டது. 2019இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, 1,731 அங்கீகாரமற்ற காலனிகளின் குடியிருப்போருக்குச் சொத்துரிமை வழங்க வழிவகுத்தது. அந்த மக்களுக்கு உரிமை வழங்கியது முறையே. தவறு நேர்ந்த இடம் அதுவன்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் சட்டப்படி வாங்கக்கூடிய மனைகளைப் போதிய அளவில் சந்தைக்குக் கொண்டுவராததே தவறு. ஒவ்வொரு வரன்முறைத் திட்டத்திலும் ஒரு கெடுநாள் குறிக்கப்படுகிறது. அடுத்த கெடுநாள் ஒன்று வரும் என்பதை மனை விற்பவர் நன்கு அறிவார். இன்று வாங்குங்கள், நாளை வரன்முறையாகிவிடும் என்பதே அவருடைய விளம்பரமாகிவிடுகிறது.

வண்ணத்தைப் பற்றியும் தில்லி ஒரு பாடம் கற்பித்தது. குடியிருப்பு என வரைபடத்தில் இருந்த வீதிகளில் கடைகளும் அலுவலகங்களும் பல ஆண்டுகளாகப் பெருகியிருந்தன. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து கடைகள் பூட்டி முத்திரையிடப்பட்டன. வணிகர்கள் வீதிக்கு வந்து போராடினர். அவ்வாண்டிலேயே நாடாளுமன்றம் ஒரு தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட வீதிகள் கலப்பு உபயோகத்திற்கும் வணிகத்திற்கும் உரியவை என அறிவிக்கப்பட்டன. அந்தத் தற்காலிகப் பாதுகாப்பு அடுத்தடுத்த சட்டங்களால் நீண்டுகொண்டே வந்து, 2023 டிசம்பரில் நிறைவேறிய திருத்தத்தினால் 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. இருபதாண்டுக் காலத் தற்காலிகம்! மளிகைக் கடையும் மருந்துக் கடையும் தையற்கடையும் நடந்து செல்லும் தொலைவில் இருக்கவேண்டும் என்பது இந்தியக் குடும்பத்தின் இயல்பான தேவை. வீடு ஒருபுறம், கடை ஒருபுறம், தொழிற்கூடம் ஒருபுறம் என்று பிரிக்கும் முறையை நாம் வேறு நாட்டிலிருந்து கொண்டுவந்தோம். மதுரையின் மாசி வீதிகளையும் அகமதாபாத்தின் போள்களையும் வகுத்த நம் முன்னோர் அவ்வாறு பிரிக்கவில்லை. ஆயினும், வெடிமருந்துக் கிடங்கையும் சாயப்பட்டறையையும் பள்ளிக்கூடத்தின் பக்கத்தில் அனுமதிக்கலாம் என்று இதற்குப் பொருளன்று. எதைப் பிரிக்கவேண்டும், எதைச் சேர்த்தே வைக்கலாம் என்று ஆராய்வதுதான் நகரமைப்பாளரின் வேலை.

பெங்களூரில் நடந்த ஒரு வழக்கை உங்களுள் பலர் படித்திருப்பீர்கள், படிக்காதவர்கள் படிக்கவேண்டும். ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கம் என்னும் மனைப்பிரிவில் பொதுப் பூங்காவிற்கென ஒதுக்கப்பட்ட ஓரிடம் இருந்தது. 1976இல், மாநில முதலமைச்சரின் ஆணையை ஒட்டி, அவ்விடம் மருத்துவமனை கட்டுவதற்காக ஒரு தனியார் அறக்கட்டளைக்கு ஒதுக்கப்பட்டது. அப்பகுதி மக்கள் வழக்காடினர். 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைச் செல்லாததாக்கியது. மருத்துவமனையும் நல்ல நோக்கம்தானே என்று கேட்கலாம். நீதிமன்றம் அக்கேள்விக்கு விடை கூறாமல் விடவில்லை. மனைப்பிரிவுத் திட்டத்தை மாற்றும் அதிகாரத்தைச் சட்டம் வளர்ச்சி ஆணையத்திற்கு அளித்திருக்கிறது. ஆணையம் தன் அறிவைச் செலுத்தி, சட்டம் கூறும் நடைமுறையைப் பின்பற்றி முடிவெடுக்கவேண்டும். மேலிடத்தில் முடிவெடுத்து அனுப்ப, ஆணையம் அதற்குக் கையொப்பமிடுவது முடிவாகாது. பூங்கா என்பது மிச்ச நிலமன்று, அது மக்களின் உடல்நலத்திற்கு இன்றியமையாதது. தனியார் மருத்துவமனை அதற்கு மாற்றாகாது. பூங்காவை இழக்கும் பகுதி மக்களுக்கு வழக்காடும் உரிமை உண்டு. இத்தீர்ப்பின் சாரம் இதுவே.

அடுத்த சில ஆண்டுகளில் தில்லி மாநகராட்சி தொடர்பான மற்றொரு வழக்கில் இதன் மறுபக்கத்தையும் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது. மனைப்பிரிவுக்கு அனுமதி அளிக்கையில், பூங்காவிற்கும் பள்ளிக்கும் ஒதுக்கிய இடத்தை இலவசமாகத் தனக்கு மாற்றித்தரவேண்டும் என்று மாநகராட்சி நிபந்தனை விதித்தது. சட்டத்தில் இல்லாத அதிகாரத்தைத் தீர்மானத்தினால் உண்டாக்கிக்கொள்ள இயலாது என்று நீதிமன்றம் கூறியது. அதே வேளையில், திட்டத்தில் அவ்வாறு ஒதுக்கிய உரிமையாளர் அதைத் தம் விருப்பப்படி ஆளவும் இயலாது. பொதுமக்களின் நன்மைக்காகவே அவர் அதை வைத்திருக்கிறார் என்றும் தெளிவுபடுத்தியது. ஆகவே, உங்கள் மாநிலச் சட்டத்தில் தானப் பத்திரத்திற்கு வெளிப்படையான விதி உண்டா என்பதை முதலில் பாருங்கள். தமிழ்நாட்டில், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் வீதிகள் நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானமாக வழங்கவேண்டும் என்ற விதி நெடுநாளாக உண்டு.

தமிழ்நாட்டைப் பற்றிப் பேசும்போது 2016ஐக் குறிப்பிடாமல் இருக்கவியலாது. அவ்வாண்டு செப்டம்பர் 9ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவிற்குத் தடை விதித்தது. ஒரே நாளில் மாநிலம் முழுவதும் பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. வேளாண் நிலங்கள் கண்மூடித்தனமாகக் கூறுபோடப்படுவதைத் தடுக்கவேண்டும் என்ற நீதிமன்றத்தின் கவலை நியாயமானது. ஆனால் மகளின் திருமணத்திற்கென ஒற்றை மனையைப் பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிப்போட்டிருந்த தந்தைமார்கள் அதை விற்கவும் முடியாமல், அடகு வைக்கவும் முடியாமல் தவித்தனர். மனை போட்டு விற்றவர் அந்தப் பணத்துடன் எப்போதோ போய்விட்டார். 2017இல், 2016 அக்டோபர் 20ஐக் கெடுநாளாகக் கொண்டு வரன்முறை விதிகள் வெளியாயின. பத்திரம் பதிவு செய்ததை அரசு அங்கீகாரம் என்று நம்பிய மக்களின் குழப்பம் இயல்பானது. முத்திரைத் தீர்வை வாங்கிக்கொண்டு ஒரு துறை பதிவு செய்கிறது; வரி வாங்கிக்கொண்டு மற்றொரு துறை ரசீது தருகிறது; மின் இணைப்பும் கிடைக்கிறது. இத்தனைக்கும் பிறகு, உன் மனை சட்டப்படி மனையே அன்று என மூன்றாவது துறை கூறினால் அவர் எந்த அரசை நம்புவார்? 2016ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளைப் பதிவு செய்த பின்னரே விளம்பரப்படுத்தவும் விற்கவும் வேண்டும் என்று விதித்ததனால் இந்நிலை ஓரளவு மாறியிருக்கிறது. சிறு நகரங்களில் அது இன்னும் ஆழமாக வேரூன்றவேண்டும்.

இதற்கு மாற்று வழியே இல்லையா? உண்டு. அது புதியதும் அன்று. 1915ஆம் ஆண்டு பம்பாய் நகரமைப்புச் சட்டத்திலேயே அது இருக்கிறது. குஜராத் அதைக் கைவிடாமல், 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறது. நூறு, இருநூறு ஹெக்டேர் பரப்பிலுள்ள நிலங்களை ஒன்றாகக் கருதி, அவற்றை மறுபடி வகுத்து, ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு பங்கை வீதி, பூங்கா, பள்ளி ஆகியவற்றிற்காகப் பெற்றுக்கொண்டு, எஞ்சியதை ஒழுங்கான வடிவில் வீதியை ஒட்டிய மனையாக அவரிடமே திருப்பிக் கொடுப்பதுதான் அந்த முறை. வீதிகளுக்கு 15 சதவிகிதம், பூங்காவிற்கு 5, சமூக வசதிகளுக்கு 5, செலவை ஈடுகட்ட விற்பனைக்கு 15 என அச்சட்டம் அளவுகளைக் குறிக்கிறது. எளியோர் குடியிருப்பிற்கும் இடம் ஒதுக்கச் சொல்கிறது. நில மதிப்பின் உயர்வில் பாதிக்கு மேற்படாத தொகையை உரிமையாளரிடம் வசூலிக்கவும் வழி செய்கிறது. சற்று முன் கேட்டோமே, உயர்ந்த மதிப்பு யாருக்கு என்று, அதற்கு நம் சட்டப் புத்தகத்திலேயே கிடைக்கும் நேர்மையான விடை இதுதான். உழவர் தம் நிலத்தை முற்றிலும் இழப்பதில்லை. பரப்பு குறைகிறது, மதிப்பு உயர்கிறது. அந்த உயர்விலும் பொதுவிற்கு ஒரு பங்கு உண்டு. அகமதாபாத்தைச் சுற்றியுள்ள 76 கிலோமீட்டர் சர்தார் படேல் வட்டச்சாலைக்கான நிலம் பெரும்பாலும் இம்முறையின் துணையுடன் திரட்டப்பட்டது. 2001ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்த பூஜ் நகரத்தின் பழைய பகுதியை, குறுகிய சந்துகளை அகலப்படுத்தி மறுபடியும் அமைப்பதற்கும் இதுவே கைகொடுத்தது.

குறைகளும் உண்டு. வரைவு, முதல்நிலை, இறுதி என மூன்று படிகளைக் கடக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. வரைவு நிலையிலேயே வீதிக்கான நிலத்தைக் கையேற்கலாம் என்ற திருத்தம் வந்தபின்தான் முறை வேகம் பெற்றது. குத்தகைக்கு உழுபவருக்கும் கூலியாட்களுக்கும் இத்திட்டத்தில் இடமில்லை. பட்டா உள்ளவருக்கே மறுமனை. பிற மாநிலங்கள் இதைப் பின்பற்றுகையில் இந்தக் குறையைச் சேர்த்தே நகலெடுக்க வேண்டியதில்லை.

இம்முடிவுகளை யார் எடுப்பது? அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. அதனால் சேர்க்கப்பட்ட 12ஆவது அட்டவணையின் 18 இனங்களுள் முதலாவது நகரமைப்பு. இரண்டாவது நில உபயோகத்தையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துதல். மாவட்டத் திட்டக்குழு, பெருநகரத் திட்டக்குழு என்னும் அமைப்புகளையும் அத்திருத்தம் விதித்தது. ஆனால் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கு வழங்குவது மாநிலச் சட்டமன்றங்களின் விருப்பத்திற்கு விடப்பட்டது. பல பெருநகரங்களில் வளர்ச்சி ஆணையங்களே தொடர்ந்து முடிவெடுக்கின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் குப்பை அள்ளுவதுடன் நிற்கிறது. மன்றங்களிடம் கொடுத்தால் உள்ளூர்ச் செல்வாக்கு முடிவுகளை வளைத்துவிடும் என்ற அச்சம் பொய்யென்று நான் கூறமாட்டேன். ஆனால் தொலைவிலுள்ள ஆணையங்கள் வளையவில்லை என்று பெங்களூர் வழக்கைப் படித்த எவரும் கூறவியலாது. வார்டு உறுப்பினரை மக்கள் வீதியில் மறித்துக் கேட்கலாம் என்பது ஒரு வேறுபாடு.

ஆட்பலமும் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி நகர மக்கள்தொகை ஏறத்தாழ 37.7 கோடி. அதைவிட முக்கியமான எண் வேறொன்று. சட்டப்படி ஊராட்சியாகவும், நடைமுறையில் நகரமாகவும் உள்ள இடங்களின் எண்ணிக்கை 2001இல் 1,362 ஆக இருந்து 2011இல் 3,894 ஆயிற்று. வயல்கள் மனைகளாகும் இடங்களுள் முதன்மையானவை இவை; இங்கு முழுமைத் திட்டமும் அரிது, நகரமைப்பு அலுவலரும் அரிது. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் நகரக் குடியிருப்புகளில் 65 சதவிகிதத்திற்கு முழுமைத் திட்டமே இல்லை என்றும், மாநில நகரமைப்புத் துறைகளில் அனுமதிக்கப்பட்ட 3,945 பணியிடங்களில் 42 சதவிகிதம் காலியாக இருந்தன என்றும் கூறியது. இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் இதை வேலைவாய்ப்புச் செய்தியாகவும் கொள்ளலாம்.

வரைபடம் இருந்தாலும் அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க மக்களுக்கு வாய்ப்பு வேண்டும். மும்பையின் 2034ஆம் ஆண்டுக்கான வளர்ச்சித் திட்ட வரைவு 2015 பிப்ரவரியில் வெளியானபோது, அதில் மலிந்திருந்த பிழைகளை எடுத்துக்காட்டியவர்கள் அந்நகர மக்களே. இரண்டே மாதங்களில் அரசு அவ்வரைவைத் திருத்தி எழுதுமாறு திருப்பியனுப்பியது. திருத்திய திட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. சென்னைக்குத் தெற்கேயுள்ள பள்ளிக்கரணைக் கழுவெளி நெடுங்காலம் பயனற்ற நிலமாகக் கருதப்பட்டு, குப்பை கொட்டப்பட்டு, விளிம்புகளில் கட்டடங்களும் எழுந்தன. 2015 வெள்ளத்திற்குப் பிறகே அந்நீர்நிலையின் பயன் பலருக்கு விளங்கிற்று. 2022இல் அது ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. தண்ணீர் எங்கே தேங்கும் என்பதை அவ்வூர் முதியவர்கள் எப்போதும் அறிந்திருந்தார்கள். வரைபடம் வரைந்தவர்கள் அவர்களைக் கேட்கவில்லை.

ஆட்சேபணைக்கு முப்பது நாள் என்று அரசிதழில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட்டால் கேட்டதாகாது. அந்தப் புல எண்களை, ஊரார் வழங்கும் நிலப் பெயர்களுடன், ஊர்ச் சாவடியிலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. வந்த ஆட்சேபணை ஒவ்வொன்றிற்கும் ஏன் ஏற்றோம், ஏன் மறுத்தோம் என்று இரண்டு வரியேனும் கோப்பில் எழுதுங்கள். ‘பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது’ என்பது காரணம் ஆகாது. நீதிமன்றத்தில் அது நிற்காது என்பதையும் இளைய அலுவலர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். சிறு மனைகளைக் கொண்ட, வீதிகள் ஒழுங்காக அமைந்த, வசதிகளைப் படிப்படியாகச் செய்துகொள்ள இடந்தரும் மனைப்பிரிவு ஒன்று உங்களிடம் வந்தால், அதைப் பெரிய மனைப்பிரிவுகளுக்கு முன்னதாக எடுத்துப் பாருங்கள். அதைத் தாமதப்படுத்தும் ஒவ்வொரு மாதமும் பக்கத்து வயலில் கல் நடுகிறவருக்கே வாடிக்கையாளர்களை அனுப்புகிறது.

இன்னும் ஒரு சிறு செய்தி. மனைப்பிரிவிற்கு இறுதி ஆணை வழங்குமுன், வீதிக்கும் பூங்காவிற்கும் உரிய தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பீர்கள். அத்துடன் கோப்பை மூடிவிடாதீர்கள். வருவாய்த் துறைப் பதிவேட்டில் அந்த உட்பிரிவு உள்ளாட்சியின் பெயருக்கு மாறிற்றா, புலப்படத்தில் பூங்கா என்று குறிக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள். பல ஊர்களில் பத்திரம் அலமாரியில் இருக்கும், பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். இருபது ஆண்டுகள் கழித்து அவருடைய வாரிசுகள் பூங்காவை விற்பார்கள். வாங்கியவர் பத்திரத்துடன் வருவார். அப்போது அந்த இருக்கையில் இருக்கும் அலுவலர் அலமாரியைத் தேடுவார். வட்டாட்சியர் அலுவலகத்திற்கு ஒரு கடிதம், ஒரு நினைவூட்டு, ஒரு நகல். இவற்றை எந்தப் படிவத்தில் அனுப்புவது என்பதைப் பிற்பகல் வகுப்பில் நில அளவைத் துறை நண்பர் விளக்குவார். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.